கதிரைக்குப் பின்னால்

“ஓம், என்ரை கதிரைதான். முதுகிலை இருக்கிற கீறலைக்கூட நீங்கள் விடேல்லை.”

கஜனி சிரித்தாள். கண்ணை மூடிய வி.ஆர். கண்ணாடிக்குள் அவள் நூலகத்தில் இருந்தாள். உடம்பு மட்டும் பாரிசின் லா ஷப்பலில், தவரத்தினத்தின் தேநீர்க் கடையில்.

எதிரே பிருந்தாபன் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்துத் தெரு நூலகத்தைத் திருத்த வேலைக்காக நாளை மாலையோடு பூட்டுகிறார்கள். திறக்கும்வரை வாசகர்கள் வீட்டிலிருந்தே உலாவ, ஒரு மெய்நிகர் நூலகம் வேண்டுமாம். அவன் செய்துகாட்டும் மாதிரி பிடித்துவிட்டால் அந்த வேலை அவனுக்கு. ஆட்கள் இருக்கும்போது படம் எடுக்கக் கூடாது என்பதால், தன் கதிரையில் இருந்து பார்த்துப் பார்த்தே வரைந்திருந்தான்.

இரண்டு குளிர்காலமாக இருவரும் அங்கே ஒரே மேசையில் எதிரெதிராக இருந்தவர்கள். பேசியது என்றால், பேனா இரவல் கேட்டதுதான். இன்று, பிழை பிடித்துத் தரும்படி கேட்டிருந்தான். வந்துவிட்டாள்.

அவள் கதிரைக்குப் பின்னால் மொழிபெயர்ப்பு நாவல்கள். ஒவ்வொரு புத்தக முதுகும் அச்சு அசல். சன்னலுக்கு அப்பால் பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடியது.

சன்னலடிச் சூடேற்றியில் ஒரு பச்சைக் கையுறை காய்ந்தது. போன வருடம் அவள் காயப்போட்டது.

ஒரு நாவலை எடுக்கப்போய் விழுத்தினாள். காலில் பட்டுவிட்டதென்று, இல்லாத புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப்போய்க் கண்ணாடியில் கையை இடித்துக்கொண்டாள்.

“பிள்ளை, தேத்தண்ணியும் அதுக்குள்ளையே குடிக்கப்போறாய்?” என்றார் தவரத்தினம்.

அவள் மற்றப் பக்கம் திரும்பினாள். அவனுடைய கதிரை.

அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தட்டு இல்லை, சுவர்கூட இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

இப்படியே கொடுத்தால் வேலை கிடைக்காது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். இரண்டு குளிர்காலத்தில் அவன் திரும்பவே இல்லை.

அங்கே ஒரு மூலை உரிந்த உலகப்படம். அதன் கீழே யாரும் தண்ணீர் ஊற்றாத பூச்சாடி. பிந்தி ஓடும் மணிக்கூடு. எல்லாம் அவளுக்குப் பாராமலே தெரியும்.

கண்ணாடியைக் கழற்றினாள்.

பிருந்தாபன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி கேட்டான்.

“நாளைக்குக் கடைசி நாள். நான் இருக்கிற பக்கம் என்ன தெரியுதெண்டு நீங்கள் சொல்லுங்கோ, நான் படமாக் கீறுறன். வருவியளோ?”