கேப்டனுக்குக் களைப்பு

"கேப்டனுக்குக் களைப்பாக இருக்கிறதாம். அதனால் விமானம் இன்றைக்குப் போகாது."

மேனேஜர் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் காத்திருப்புக் கூடமே குய்யோ முறையோ என்று எழுந்துகொண்டது.

முதலில் எழுந்தது துணை விமானியின் அம்மாதான்.

பின்னே? பிறந்ததிலிருந்து பஸ்ஸைத் தாண்டி எதிலும் ஏறாதவள். மகன் ஓட்டுகிற விமானத்தில் ஊர் போய் இறங்கவேண்டும் என்று காலையிலிருந்து டிக்கெட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அங்கே விமான நிலைய வாசலில் நாத்தனார் குடும்பத்தோடு வந்து நிற்கிறாள். "உங்க பையன் பிளேன்ல டீ குடுக்கிற வேலைதானே அண்ணி பார்க்கறான்?" என்று கேட்ட அதே நாத்தனார். அவள் கண் முன்னால் மகன் சீருடையில் மிடுக்காக நடந்து வர, பக்கத்தில் தானும் நடந்து வரவேண்டும். அந்த அம்மாவுக்கு இந்த ஜென்மத்தில் வேறு ஆசையே இல்லை.

முதலில் கெடுத்தது மழைதான். காலையில் கிளம்பவேண்டிய விமானம் மதியம் தாண்டியும் நின்ற இடத்திலேயே நின்றது. மழை விட்டதும் சட்டம் வந்து குறுக்கே நின்றது. விமானம் ஓட்டுகிறவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. இப்போது கிளம்பினால் போய் இறங்குவதற்குள் அது தாண்டிவிடும். கூட இருப்பவர்கள் எல்லாரும் தெம்பாக இருந்து, கேப்டனும் மனசு வைத்தால் கொஞ்சம் நீட்டிக்கலாம்.

மேனேஜர் கெஞ்சிப் பார்த்துவிட்டார். கேப்டன் மனசு வைக்கவில்லை.

நரைத்த தலையோடு அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மா நேரே போய் வழியை மறித்தாள். பின்னாலேயே வந்த மகன், "அம்மா, வேணாம்மா" என்று கையைப் பிடித்தான்.

"நீ சும்மா இருடா. ஏங்க, உங்களுக்கே இது நல்லா இருக்கா? இத்தனை பேர் காலையிலேர்ந்து தவம் கிடக்கறோம். உக்காந்த இடத்துல உக்காந்துகிட்டுப் பார்க்கற வேலை. அதுல என்னங்க களைப்பு?"

"வயசாயிடுச்சும்மா."

"வயசானா வீட்ல இருக்கணும். இதோ, என் பையனைப் பாருங்க. நேத்து சாயங்காலம் நான் வந்தேன். சொந்தக்காரங்க கதையெல்லாம் பேசி முடிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சு போச்சு. ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. அப்படியே குளிச்சுட்டு டியூட்டிக்கு வந்துட்டான். களைப்புன்னு வாயைத் திறந்தானா?"

"அப்படிக் கேளுங்கம்மா" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மகன் தரையைப் பார்த்தான்.

"தப்பு என்னோடதுதாம்மா" என்றார் கேப்டன். "எனக்குத்தான் முடியலை."

இதற்கு மேல் இந்த மனுஷனிடம் என்ன பேச? முணுமுணுத்துக்கொண்டே மகனுக்குக் காபி வாங்கப் போனாள். வரிசையில் நின்றபடியே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எங்கிருந்தோ ஒரு சோம்பேறிக் கேப்டன் வந்து வாய்ச்சிருக்கார். என் பையனைத் தனியா விட்டிருந்தா இந்நேரம் கொண்டுவந்து சேர்த்திருப்பான். நீ வீட்டுக்குப் போ, அப்புறம் பேசறேன்."

காபியோடு திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூலை நாற்காலியில் கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் தலையைப் போட்டு, வாயைப் பிளந்துகொண்டு மகன் தூங்கிக்கொண்டிருந்தான். சின்ன வயசில் அவள் மடியில் தூங்கிய அதே தூக்கம்.

கேப்டன் தோளை அசைக்காமல் தணிந்த குரலில் சொன்னார்.

"காலையில நல்லாத்தான் இருந்தான். இல்ல, நல்லா இருக்கறதா நெனச்சுட்டான். மழைக்குக் காத்திருந்ததுல அசந்துட்டான். மேனேஜர் வந்து கேட்டதும், 'சார், கண்ணு சொருகுது, என்னை நம்பாதீங்க'ன்னு அவனேதான் சொன்னான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா? இந்த மாதிரிப் பையனை நம்பித்தாம்மா நான் பறப்பேன்."

"அப்போ நீங்க களைப்புன்னு சொன்னது..."

"வெளிய நீங்க ஆசையா உக்காந்திருந்தீங்க. பெத்தவங்க காதுல விழற மாதிரி அவனைப் பத்தி மைக்ல சொல்ல விட எனக்கு மனசு வரலை. ஆனா இனிமே தூங்காம டியூட்டிக்கு வந்தா தோலை உரிச்சுடுவேன்னு சொல்லியிருக்கேன்."

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை பேர் முன்னால் அந்த மனுஷனை என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. மகனுக்கு வாங்கிய காபியை அவரிடம் நீட்டினாள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அதற்குள் நாலைந்து பேர் திபுதிபுவென்று வந்துவிட்டார்கள். முன்னால் வந்த கோட்டுக்காரர், "இங்கதான் ஒளிஞ்சிருக்காரா அந்தத் தூங்குமூஞ்சி?" என்று கத்தினார்.

அம்மா எழுந்து குறுக்கே போய் நின்றாள்.

"இவரை ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. ஓட்டவேண்டிய பிள்ளையை ராத்திரி பூராத் தூங்கவிடாதது நான்தான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. ஆனா மெதுவாத் திட்டுங்க, பையன் தூங்கறான்."