தை மாதத்து மண்டபம்

“பொண்ணே பார்க்கலை, அதுக்குள்ள மண்டபத்துக்கு அட்வான்ஸா?” சிபி போட்ட சத்தம் எதிர் ஃப்ளாட் வரை கேட்டது.

“நாளைக்கு வாங்கினாலும் வாங்கலாம், வாங்காமலும் போகலாம்னு நீ ஆபீஸ்ல விலை போட்டு விக்கிறியே, அது என்னடா?” என்றாள் அம்மா வேதவல்லி.

பின்னாளில் வாங்கும் உரிமையை மட்டும் விற்கிற பங்குச் சந்தை ஆப்ஷனுக்கு விலைச் சூத்திரம் எழுதுகிறவன் சிபி. அம்மா மண்டபம் பிடித்த தேதிக்கும் ஒரு விலை கணக்கிட்டு, விற்றுவிடுவதாகக் குடியிருப்பு வாட்ஸப்பில் போட்டான்.

வாங்க வந்தவள் எதிர் ஃப்ளாட் தேன்மொழி. அவளுக்கும் மாப்பிள்ளை அமையவில்லை, அப்பா அனுப்பினாராம். “நாள் நெருங்க நெருங்க இதோட மதிப்பு கரையுமே, கணக்குல சேர்த்தீங்களா?” என்றாள்.

கோபத்தில் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தான். அதைச் சரிசெய்யவே அவள் தினமும் வந்தாள். வேதவல்லி காபி போட்டதோடு சரி.

மண்டபம் விலைபோகவில்லை. தையில் அங்கேயே சிபி தேன்மொழிக்குத் தாலி கட்ட, இருவரும் சிங்கப்பூர் போய்விட்டார்கள்.

இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையாம். ஆனாலும் வேதவல்லி வளைகாப்புக்கு மண்டபம் பிடித்துவிட்டாள்.