மூன்று கிலோ விசை

அவளால் இழுக்க முடியவில்லை.

ஒரு கையால் இழுத்துப் பார்த்தாள். இரண்டு கையாலும் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிஸ்டலின் விசை சண்டி மாடாகப் பாதி வழியில் நின்றுகொண்டது.

ஐப்பசியில் வந்த சிக்குன்குனியா எப்போதோ போய்விட்டது. விரல் மூட்டுகளில் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

“விசை மூணு கிலோ கனமுங்க ருக்குமணியம்மா,” என்றார் துப்பாக்கி பழுது பார்ப்பவர். “வேலை பண்ணிக் குடுத்தா ஒண்ணரைக்கு வந்துரும். அப்புறம் பூப் பறிக்கிற மாதிரிதான்.”

சரி என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

வராமல் எப்படி? அவளும் வீட்டுக்காரரும் இருப்பது தோட்டத்து வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நாயைத் தவிர யாருமில்லை. மகன் மெல்போர்னில். போன மாசம் வாய்க்கால் மேட்டில் தனியாக இருந்த வயசான புருஷன் பெண்டாட்டியை அடித்துப் போட்டுவிட்டு, கழுத்தில் காதில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே பிஸ்டல் பீரோவை விட்டு அவள் கைப்பைக்குக் குடிவந்தது. சந்தைக்குப் போனாலும் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வரும்.

ஆபத்துக்கு இழுக்க முடியாவிட்டால் அது எதற்கு? அரிவாள்மனையே தேவலை.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

கைப்பையின் ஜிப்பு.

அவள் வீட்டுக்காரர்தான். ஒன்றும் தெரியாத சாது போலக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவள் பை. முகம் மின்விசிறிப் பக்கம். கை மட்டும் பைக்குள்.

கை துழாவியது. சாவிக்கொத்து. மூக்குக்கண்ணாடிக் கூடு. தைலப் புட்டி.

பிறகு கண்ணாடித்தாள் சரசரத்தது.

ஆரஞ்சு மிட்டாய்! சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் கொடுக்க, டாக்டர் பையில் வைக்கச் சொன்னது. எங்கே இறங்குகிறது? ஏறி ஏறி, அவருடைய இரண்டு கண்ணையும் தின்று தீர்த்தாயிற்று. வெளிச்சம் தெரியும். ஆள் நிழலாகத் தெரியும். துப்பாக்கி லைசென்ஸ் அவள் பேருக்கு வந்ததே அதனால்தான்.

ஆனாலும் திருட்டு நிற்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கை அந்தப் பைக்குள் போகும். மிட்டாயை வேறு பையில் போட்டும் பார்த்தாள். பழகின கை, இந்தப் பைக்கே வந்தது. பாதி நாள் வாய் ஓயாமல் திட்டுவாள். பாதி நாள் கேட்காதது போல் இருந்துவிடுவாள். பாவம், அந்த மனுஷனுக்கு நாக்கு ஒன்றுதானே மிச்சம்.

அந்தக் கையைப் பார்த்தாள்.

மேஜை மேலிருந்த பிஸ்டலைப் பார்த்தாள்.

பூப் பறிக்கிற மாதிரி.



“வேண்டாமுங்க. இருக்கறபடியே இருக்கட்டும்,” என்றாள்.

“அப்புறம் எப்படீங்கம்மா சுடுவீங்க?”

பிஸ்டலை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். மிட்டாயைப் பற்றியும் சொன்னாள், கையைப் பற்றியும் சொன்னாள்.

“என்ற விரலுக்கு வலுவில்லீங்க மாமா. எவனாச்சும் வந்தான்னா பாத்துக்கிட்டு நிக்கத்தான் முடியும்.”

 அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்து, அவளுக்குப் பின்னால் நின்றார்.

“குண்டெல்லாம் எடுத்துட்டயா?”

“எடுத்தாச்சுங்க. ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

“புடி.”

பிடித்தாள். எதிர்ச் சுவரில் பெயர்ந்திருந்த காரையைக் குறி பார்த்தாள். அவர் கை அவள் தோளில் தொடங்கியது. முழங்கை, வளையல், மணிக்கட்டு என்று வழி கேட்டுக் கேட்டு இறங்கி வந்தது.

அவள் விரல் மேல் அவர் விரல்.

“நீ பாத்துச் சொல்லு.”

“இப்ப.”

டக்.

மூன்று கிலோவும் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயசில் இது என்ன கூத்து!

“இன்னொருக்கா,” என்றாள்.

எட்டுத் தடவை இழுத்தார்கள். எட்டாவது தடவை அவள் சொல்லவே இல்லை. அவள் மூச்சு நின்றதை வைத்தே அவர் இழுத்துவிட்டார்.

அவர் தாடை அவள் தோளில் இருந்தது. ஆரஞ்சு வாசனை அடித்தது.

“அப்ப நீங்க எங்கயும் போயிரக் கூடாது,” என்றாள், திரும்பாமல். “சொல்லிப்போட்டேன்.”

அவர் எப்போதும் போல ஏதாவது கேலி சொல்வார் என்று பார்த்தாள். அவரோ விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

குண்டுகளை நிரப்பிப் பிஸ்டலைப் பைக்குள் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

பருப்பு கொதிக்கும்போது கூடத்தில் ஜிப்பு திறக்கும் சத்தம் கேட்டது.

கரண்டியை நிறுத்தினாள்.

சாவிக்கொத்து குலுங்கியது. கனமாக ஒன்று நகர்ந்தது. கண்ணாடித்தாள் ஒரே ஒரு தரம் சரசரத்தது.

மிட்டாய் பிரிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் காத்திருந்தாள்.

சாவிக்கொத்தின் மேல் மிட்டாய் திரும்ப விழும் சத்தம் கேட்டது. ஜிப்பு மூடிக்கொண்டது.