நின்றுபோன பட்டியல்

"இதைத் தூக்கிப் போட்டுட்டு இங்கே கையெழுத்துப் போடுங்க, டாக்டரம்மா. செத்துப்போன மென்பொருளை வெச்சுக் கடை நடத்துறீங்க," என்றான் ஹாஸிம். கணினித் திரையின் மூலையில் அவனுடைய மென்பொருள் கம்பெனியின் நீல முத்திரை மின்னிக்கொண்டிருந்தது.

மருந்தாளரையும் டாக்டர் என்றே அழைக்கும் தும்யாத் நகரில் அந்த மருந்துக்கடையை நடத்தும் இனாஸ், அவன் நீட்டிய ஒப்பந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குப் புதுசு வேண்டாம். இதுவே போதும்."

"போதுமா? நாங்க இதைக் கைகழுவி ஒரு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் மருந்துப் பட்டியல்ல ஒரு வரிகூடச் சேர்க்கலை."

அது சின்ன விஷயமில்லை. ஒருவர் சாப்பிடும் இரண்டு மருந்துகள் ஒன்றுக்கொன்று ஆகாது என்றால் அந்த மென்பொருள் அலறும். பட்டியலில் இல்லாத மருந்தைக் கண்டாலோ, வாயை மூடிக்கொண்டு வழிவிட்டுவிடும். அந்த மௌனம்தான் ஆபத்து.

ஹாஸிம் விடவில்லை. "இந்தத் தெருவுல பன்னிரண்டு மருந்துக்கடை. ஒருத்தர்கூடப் புதுசு வாங்கலை. என்ன வசியம் வெச்சீங்க?"

"அதே திரை, அதே பொத்தான். கைக்குப் பழகினதை ஏன் மாத்தணும்?"

"நாங்க தூக்கிப் போட்ட நிரலை எடுத்து வெச்சுக்கிட்டு நாலு மருந்துக்கடைக்காரங்க வாட்ஸ்அப்ல கூடிப் பட்டியல் எழுதுறாங்களாமே. அவங்களை நம்பித்தான் இருக்கீங்களோ?" ஹாஸிம் சிரித்தான். "சமையல் குறிப்பு மாதிரி எழுதித் தருவாங்க."

"எழுதட்டுமே, இன்ஜினியரே. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

அவன் முகம் இறுகியது. "சரி, நாளைக்கே மருந்தாளர் சங்கத்துல புகார் கொடுக்கிறேன். பழைய பட்டியலை வெச்சு மருந்து கொடுக்கிறது தெரிஞ்சா கடைக்குப் பூட்டுதான்."

"தாராளமா கொடுங்க. பேரை மட்டும் பிழையில்லாம எழுதுங்க. இனாஸ் அப்துல்பாரி."

அப்போது தச்சர் ஃபரஹாத், சட்டையெல்லாம் மரத்தூளோடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "டாக்டரம்மா, முட்டி வலிக்கு இது புதுசா வந்திருக்காம். சீக்கிரம் கொடும்மா, நாற்காலிக்குப் பூசின பசை காய்ஞ்சிடும்."

"இருங்க சாச்சா, நாற்காலி எங்கேயும் ஓடிப்போகாது." இனாஸ் அவர் நீட்டிய மருந்துச் சீட்டைப் பார்த்து, அவருடைய கணக்கில் மாத்திரையின் பெயரைத் தட்டினாள்.

திரை சிவந்து அலறியது. இரத்தம் உறையாமலிருக்க ஃபரஹாத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு இதுவும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியும்.

"இது உங்களுக்கு ஆகாது சாச்சா. உங்க டாக்டர்கிட்ட நானே பேசி வேற மருந்து கேட்கிறேன்." போனை எடுத்தாள்.

ஹாஸிம் மேசையை ஓங்கித் தட்டினான். "பார்த்தீங்களா! வருஷம் போனாலும் எங்க வேலை எப்படிப் பேசுது! பெரியவர் உயிரையே காப்பாத்திடுச்சு. அந்த வாட்ஸ்அப் கூட்டத்தால இப்படி ஒரு வரி எழுத முடியுமா?"

எண்ணை அழுத்தியபடியே இனாஸ் சொன்னாள்:

"அந்த மாத்திரை நம்ம நாட்டுக்கு வந்தே ஒரு மாசம்தான் ஆகுது, இன்ஜினியரே. அந்த வரி நான் எழுதினது."