அப்பா முயல்

மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் தரகர் ராக்கியண்ணன் விலை பேசமாட்டார். விற்கிறவன் சொல்லும் வயதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. அப்பேர்ப்பட்டவர் கையில் ஏழாவது படிக்கும் மகள் செவ்வந்தியின் நோட்டு அகப்பட்டது. ஒரு முயல் குடும்பத்தைப் பற்றிய சிறுவர் நாவலைப் படித்து, கதை எப்படி, பாத்திரங்கள் எப்படி, குடும்பம் எப்படி என்று அலசி எழுதச் சொல்லியிருந்தார் டீச்சர்.

‘அப்பா முயல் பாசமானவர். ஆனால் போன் வந்தால் மாடிக்குப் போய்விடுவார். யாரென்று கேட்டால் வியாபாரி என்பார். வியாபாரியிடம் யாரும் சாப்பிட்டாயா தங்கம் என்று கேட்கமாட்டார்கள்.’

ராக்கியண்ணன் மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

“ஏங்கண்ணு, வளையில குடியிருக்கற முயலுக்கு ஏது மாடி?”

“கற்பனைக் கதைங்கப்பா. அதுல எல்லாம் இருக்கும்.” அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

நாவலை வாங்கி அட்டை முதல் அட்டை வரை படித்தார். அப்பா முயல் வளை தோண்டியது, கேரட் திருடியது, நரிக்குப் பயந்து ஓடியது. போன் என்ற பேச்சே இல்லை.

மறுபடி நோட்டைப் பிரித்தார். டீச்சர் சிவப்பு மையில் டிக் போட்டு, ‘நல்ல கவனிப்பு. அம்மா முயலுக்கு இது தெரியுமா?’ என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ‘தெரியும்’ என்று பதில் இருந்தது. எழுத்து மகளுடையது அல்ல, மனைவி ருக்குமணியுடையது. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தை மட்டும் அவள் காலியாக விட்டிருந்தாள்.

“நல்லாப் படிச்சுப் பாத்துட்டே கையெழுத்துப் போடுங்க மாமா,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.