விசாரிக்க வந்தவர்

"பகீத், புள்ளைங்க செலவுக்கு இன்னும் கூட வேணும்னு இல்ஹாம் கேஸ் போட்டிருக்கா. விவாகரத்து ஆகியும் என் சட்டைப் பையை விடமாட்டேங்கிறா. கோர்ட்டு ஆளு என் வருமானத்தை உன்கிட்டதான் விசாரிப்பான். நான் பரம ஏழைன்னு சொல்லிடு" என்றார் நாலாம் மாடி ரஃபத் சார்.

வாசல் காவலாளியான எனக்கு ஏழ்மையைப் பற்றிச் சொல்லியா தர வேண்டும்?

செவ்வாய்க்கிழமை, சூட் போட்ட பெரியவர் ஒருவர் வந்து ரஃபத் சாரைப் பற்றிக் கேட்டார். தேநீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

"அவரா? பாவம். நேத்து ராத்திரிகூட எங்க வீட்டு அவிச்ச மொச்சையைத்தான் சாப்பிட்டாரு."

"அவர் கார் நிக்குதே?"

"அண்ணனோடது. பெட்ரோல் போட வக்கில்லாம நிக்குது."

பெரியவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு ஒரே பெருமை.

மாலையில் ரஃபத் சார் வெளிறிப்போய் இறங்கி வந்தார்.

"என்னத்தடா சொல்லித் தொலைச்ச? அவரு நான் கட்டிக்கப் போற பொண்ணோட அப்பா. மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்க வந்திருக்காரு. சம்பந்தமே வேண்டாம்னுட்டாரு."



"அப்போ நேத்து வந்தவரு யாரு சார்?"

"நேத்து யாருடா வந்தது?"

"சிரிச்ச முகமா இருந்தாரு. நீங்க மறுபடி கட்டிக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டிருந்தேன், பொண்ணு வீட்டுக்காரர்னு நெனச்சேன். அலெக்ஸாண்டிரியா பங்களா, கெய்ரோவுல ரெண்டு நகைக்கடைன்னு ஒண்ணு விடாம சொன்னேன். அவரும் ஒண்ணு விடாம எழுதிக்கிட்டாரு."