ராசியில்லாத தூண்டில்

"மாட்டிருச்சு! மாமா, மாட்டிருச்சு!"

மருமகள் போட்ட கூச்சலில் பாய்மரப் படகே ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

கல்யாணமாகி முதல் தடவையாகக் கணவன் வீட்டாரோடு கடலுக்கு வந்திருக்கிறாள். காலையிலிருந்தே கிண்டல்தான். "வாளித் தண்ணியைத் தவிர வேற தண்ணி பார்க்காதவ" என்று கணவன் எடுத்துக்கொடுக்க, மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு மீனாவது பிடித்துக் காட்டாமல் கரை திரும்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் அவள் காலடியில் துள்ளிக்கொண்டிருந்தது.

கணவன் குனிந்து மீனை முழம் போட்டுப் பார்த்தான். மாமனார் கை தட்டினார். படகின் ஓரத்தில் தூண்டிலை நீட்டிக்கொண்டிருந்த மாமியார் மட்டும் பெருமூச்சு விட்டார்.

"உங்க அத்தையைப் பாரும்மா. இத்தனை வருஷமா வரா, ஒரு நெத்திலி மாட்டினதில்ல. ராசி அப்படி!" என்றார் மாமனார்.

மருமகளின் தலை நிமிர்ந்தது. மாமனார் அவள் கையில் கத்தியைக் கொடுக்கும் வரைதான்.

"பிடிச்சவங்கதான் சமைக்கணும். படகு வாங்கின அன்னைக்கே உங்க அத்தை போட்ட சட்டம்."

படகின் கீழ்த்தட்டில், குனிந்தால்தான் நுழைய முடிகிற அறை. ஒற்றை அடுப்பு. அலை ஒரு பக்கம் தூக்கினால் சட்டியில் எண்ணெய் மறுபக்கம் ஓடியது. உப்பும் மிளகும் தடவித் திருப்பிப் போடுவதற்குள் அவள் முகமெல்லாம் வியர்வை, முடியெல்லாம் செதில்.

எட்டிப் பார்த்தாள். மேலே மாமியார் காலை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

முதல் துண்டு சுடச்சுட அவருக்குத்தான் போயிற்று. கண்ணை மூடி, நிதானமாக மென்றார்.

ஆண்கள் முன்பக்கம் பாயை இறக்கப் போனதும் மருமகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாவம், இரையாவது மிச்சமிருக்கிறதா பார்ப்போம் என்று அவருடைய தூண்டிலைச் சுருட்டினாள்.

நுனியில் ஈயக்குண்டு தொங்கியது. அவ்வளவுதான்.

"அய்யோ அத்தை, மீன் தூண்டில் முள்ளையே கடிச்சிட்டுப் போயிருச்சு!"

"கத்தாதடி" என்றார் மாமியார், விரலைச் சூப்பியபடி. "நான் முள்ளு கட்டுறதே இல்ல."

மருமகள் தூண்டில் நூலை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள்.

"தூண்டிலும் கையுமா உட்காரலைன்னா, 'சும்மாதானே இருக்க, ஒரு டீ போடேன்'னு ஆரம்பிச்சிடுவாங்க."

முன்பக்கத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "என்னம்மா, அத்தைக்கு ஏதாவது மாட்டுச்சா?"

ஈயக்குண்டைப் பார்த்தாள். எண்ணெய் தெறித்துச் சிவந்த தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. ராசியே இல்ல!"

சொல்லிக்கொண்டே மாமியாரின் தூண்டிலைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கிவிட்டாள்.

மாலையில் கணவனுக்கு அடுத்தடுத்து இரண்டு மீன்கள் மாட்டின. மருமகளுக்கு ஒன்றும் மாட்டவில்லை.

அதன் பிறகு எந்தப் பயணத்திலும் மாட்டவில்லை.